நூற்றுப்பதினேழாம் மைல்

நூற்றுப்பதினேழாம் மைலில் இருக்கிறது என் மதகு.
பவானிசாகரில் ஷட்டரைத் தூக்கினால்
தண்ணீர் இங்கே நடந்து வரப் பத்து நாள்,
சில வருசம் பன்னிரண்டு.
அதுவரை என் வேலை
திட்டு வாங்குவது.

"ஏனுங் லஸ்கர், தொறந்தாச்சுன்னு டிவியில சொன்னாங்க,
எங்கீங்க தண்ணி?"
தினமும் கேட்பார் மாரப்பன்,
வண்டியை நிறுத்தாமலே.
கெளம்பிருச்சுங்க, வந்துரும் என்பேன்.
கோபியைத் தாண்டிருச்சுங்க.
நசியனூர் வந்துருச்சுங்க.
போனில் கேட்டதைச் சொல்கிறேன்.
நானும் பார்த்ததில்லை.

இந்தச் சித்திரையில்
ஏழு மாதம் சுமந்ததை
காங்கயத்து ஆஸ்பத்திரியில் பச்சைத் துணியில் சுற்றி
என் கையில் கொடுத்தார்கள்.
ஒன்பது வருசம் கழித்து வந்தது.
ஒரு கிலோ நூறு என்று சீட்டில் இருந்தது.
பெயர் எழுதும் இடத்தில்
'கோகிலாமணியின் குழந்தை'.
அதற்குக் கருமாதி கிடையாது.
பால் வற்றுவதற்கு
மல்லிகைப்பூ வைத்துக் கட்டச் சொன்னார்கள்.
மூன்று நாள் முழம் முழமாக வாங்கினேன்.
வீட்டில் என்னங்க விசேசம் என்று
பூக்காரி கேட்டாள்.

ஆடியில் பூ கேட்கப் போனோம்.
செவ்வரளி ஒரு பொட்டலம், வெள்ளரளி ஒரு பொட்டலம்.
சிவப்பு வந்தால் இன்னொரு தடவை பார்க்கலாம்.
வெள்ளை வந்தால் என்ன என்று
நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
யாருடைய பிள்ளையோ, நான்கு வயசிருக்கும்,
மூக்கை ஒழுகவிட்டபடி ஒன்றை எடுத்தான்.
வெள்ளை.
"ஆத்தா பொறுங்கறா" என்றார் பூசாரி.
எத்தனை நாளைக்கு என்று கேட்டுவிட்டேன்,
கொஞ்சம் சத்தமாக.
மேலே இருக்கிற இன்ஜினியரைக் கேட்க வேண்டியதை
மாரப்பன் என்னிடம் கேட்பது மாதிரி.

திரும்பும்போது
பைக்கில் பின்னாலிருந்து கோகிலா பேசினாள்,
என்னிடமல்ல:
"எப்ப வருவேன்னு கேக்கல.
கெளம்பிட்டயான்னு மட்டும் சொல்லு."
ஹெல்மெட்டுக்குள் நான்
வாய் திறக்கவில்லை.

எனக்கு வாய்க்கால் தெரியும்.
கிளம்பிய தண்ணீரெல்லாம் வந்து சேர்வதில்லை.
பெருந்துறைப் பக்கம் கரை உடைந்த வருசம்
கடைமடை காய்ந்தது.
ராத்திரியில் குழாய் போட்டு உறிஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள்.
ஒற்றைப்படை மதகுக்கு இந்தப் போகம் என்றால்
இரட்டைப்படைக்காரன் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்,
தன் வரப்பை உரசிக்கொண்டே ஓடினாலும்.
நியாயமா என்று கேட்டால்
முறைங்க என்பேன்.
எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறேன்
அந்தச் சொல்லை, இத்தனை வருசம்.

ஆவணி பிறந்து பத்தாம் நாள்
ராத்திரி ஒன்றரைக்கு வந்தது.
முதலில் சத்தமில்லை, வாசனை.
வெடித்த மண் நனைகிற வாசனை
இருட்டில் முன்னால் வந்தது.
பின்னால் நுரை, வேப்பஞ்சருகு,
ஒற்றை ரப்பர் செருப்பு.
அதற்கும் பின்னால்தான் தண்ணீர்,
தடவித் தடவி,
கண் தெரியாதவர் வீடு தேடி வருவதைப் போல.

கரையில் துண்டு விரித்துப் படுத்திருந்த மாரப்பன்
எழுந்து வந்து கால் விரலை நனைத்துப் பார்த்தார்.
திட்டவில்லை.

கோகிலாவுக்குப் போன் போட்டேன்.
தூங்கியிருக்கவில்லை.
போனைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டிப் பிடித்தேன்.
கை வலிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.
"வந்துருச்சா?"
"தலை மட்டும் வந்திருக்கு."
"செரி" என்றாள்.

அந்தச் செரியில் எதுவும் சரியாகிவிடவில்லை.
பச்சைத் துணி பீரோவில்தான் இருக்கிறது.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
ஷட்டர்த் திருகை நான்கு சுற்று சுற்றினேன்.
இன்னுங் கொஞ்சம் என்று
கை காட்டினார் மாரப்பன்.
நாலுதானுங்க.
இன்னைக்கு உத்தரவு
அவ்வளவுதான்.